பழைய லாரிக்கு வயது பார்ப்பது எப்படி?

மாதவரம், மூலக்கடை, எர்ணாவூர், மணலி என வடசென்னையில் லாரிகள் நிற்கும் இடங்களில் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும் பழைய வண்டியை விலை பேசப் போனால், முதலில் காதில் விழுவது வருஷம்தான். "அம்பத்தெட்டு மாடல் சார், ஒரிஜினல் காமெட்" என்பார் விற்பவர். ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தால் 1961 என்று இருக்கும். கேபின் கதவில் பாடி கட்டிய பட்டறையின் தகடு எழுபதுகளைக் காட்டும். இன்ஜினைத் துடைத்துப் பார்த்தால் அது வேறு ஒரு காலத்தைச் சொல்லும். இதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இல்லை. ஒரு லாரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிறந்த தேதிகள் உண்டு. விற்பவர் ஒன்றைச் சொல்கிறார், காகிதம் இன்னொன்றைச் சொல்கிறது.

வண்டியைப் புதுப்பிக்கப் போகிறவர் இந்தக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் வருஷத்தைச் சொல்லும் பெரும்பாலான தடயங்கள் புதுப்பிக்கும் வேலையின் முதல் வாரத்திலேயே அழிந்துவிடுகின்றன. மணல் பீய்ச்சித் துரு எடுக்கும்போது எண்கள் தேய்கின்றன, பெயின்ட் சுரண்டும்போது பழைய எழுத்துகள் போகின்றன, தகடுகள் காயலான் கடைக்குப் போய்விடுகின்றன. அதன் பிறகு எத்தனை கெட்டிக்கார மெக்கானிக் வந்தாலும் ஊகிக்க மட்டும்தான் முடியும்.

"மாடல்" என்ற சொல்லுக்குள் எத்தனை வருஷங்கள்

பேச்சில் ஒரே சொல்லாகப் புழங்கும் மாடல் வருஷத்துக்குள் குறைந்தது ஐந்து தேதிகள் கலந்து கிடக்கின்றன.

1. வடிவம் அறிமுகமான ஆண்டு. லேலண்ட் காமெட் இங்கிலாந்தில் 1947-ல் வந்தது. எண்ணூரில் முதல் காமெட் கோக்கப்பட்டது 1951-ல். அதே பெயரில் பல வருஷங்கள் வண்டி வந்துகொண்டே இருந்தது. ஆகவே "காமெட்" என்ற பெயர் வண்டியின் வயதைச் சொல்லாது, வண்டி எதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதை மட்டும் சொல்லும்.

2. சேஸ் தயாரான தேதி. தொழிற்சாலையிலிருந்து சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வெளியே வந்த நாள். இந்தக் கட்டுரையில் "வண்டியின் வருஷம்" என்று வருவது எல்லாம் இதைத்தான்.

3. முதல் பதிவு தேதி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எண் வாங்கிய நாள். சட்டம் பெரும்பாலும் இதைத்தான் கணக்கில் எடுக்கும்.

4. பாடி கட்டிய தேதி. நம் ஊரில் லாரி வெறும் சேஸாகத்தான் விற்கப்பட்டது. முன்பக்கத் தகடு, இன்ஜின், ஸ்டியரிங், சக்கரம், அவ்வளவுதான். கேபினும் பின்பாடியும் உள்ளூர்ப் பட்டறையில் மரமும் தகடும் கொண்டு கட்டப்பட்டன. ஒரு சேஸ் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று பாடிகள் பார்ப்பது சாதாரணம்.

5. அமெரிக்க முறை மாடல் ஆண்டு. அங்கே அடுத்த ஆண்டின் மாடல் முந்தின ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே சந்தைக்கு வந்துவிடும். 1951 அக்டோபரில் செய்த வண்டி "1952 மாடல்" ஆகலாம். செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் லாரிகளைப் பார்க்கும்போது மட்டும் இதை நினைவில் வைத்தால் போதும்.

இதில் நாலாவது தேதிதான் நம் ஊரில் அதிகம் ஏமாற்றுகிறது. வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து வண்டியின் முகத்தை வைத்து வருஷம் சொல்லப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். 1947 முதல் 1955 வரை வந்த செவர்லே லாரியில் கதவுக் கண்ணாடியின் முக்கோணச் சிறு ஜன்னல் 1951-ல் வந்தது. கதவைத் திறக்கும் அழுத்துப் பொத்தான் 1952-ல். நடுவில் பிரிக்காத ஒரே முன்கண்ணாடி 1954-ல். அங்கே கேபினைப் பார்த்தாலே ஆண்டை நெருங்கிவிடலாம். கேபினைத் தொழிற்சாலையே செய்தது என்பதால் அது சாத்தியம். எண்ணூர் சேஸின் மேல் வண்ணாரப்பேட்டையில் கட்டிய கேபினுக்கு இந்த வித்தை செல்லாது.

கம்பெனிகளின் வரலாறே முதல் வேலி

நுணுக்கமான எண்களுக்குப் போகும் முன், பெயர்ப் பலகையை வைத்தே காலத்தைப் பெரிய துண்டுகளாக வெட்டிவிடலாம். இந்தியாவில் லாரி செய்தவர்கள் சிலரே. அவர்களின் கூட்டணிகள் தொடங்கிய, முடிந்த ஆண்டுகள் தெளிவாகத் தெரிந்தவை.

எண்ணூரிலிருந்தே தொடங்கலாம். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைக் கோத்தது. பிறகு லேலண்டுடன் ஒப்பந்தம் போட்டு காமெட்டுக்கு வந்தது. 1955-ல் லேலண்ட் பங்கு எடுத்ததும் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. ஆக, தகட்டில் "அசோக் மோட்டார்ஸ்" என்று இருந்தால் அது ஐம்பதுகளின் முதல் பாதி வண்டி. அப்படி ஒரு தகடு கிடைத்தால் அதைத் தொட்டுத் துடைப்பதற்கு முன்பே படம் எடுத்து வைத்துவிட வேண்டும். வடசென்னைத் தொழில் வரலாற்றில் அதன் இடம் அப்படி.

ஊர்க்காரர்கள் இன்றும் "பென்ஸ் லாரி" என்று சொல்லும் டாடா வண்டிகளுக்கும் இப்படி ஒரு வேலி உண்டு. டாடாவின் லாரி கம்பெனியான டெல்கோவுக்கும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுக்கும் இடையிலான கூட்டணி 1954-ல் தொடங்கி 15 ஆண்டுகள் நீடித்தது. 1969-ல் அது முடிந்ததும் முகப்பில் இருந்த மூன்று முனை நட்சத்திரம் போய், 'டி' எழுத்து வந்தது. ஆனால் முகப்பு கழற்றி மாட்டக்கூடிய பொருள். நட்சத்திரம் கௌரவம் என்பதால் எழுபதுகளின் வண்டியில் பழைய முகப்பை மாட்டியவர்களும் உண்டு. எனவே இது தொடக்கத் தடயம் மட்டுமே.

அமெரிக்க, ஆங்கில வண்டிகளுக்கு 1953, 1954 முக்கியமான ஆண்டுகள். நாட்டுக்குள்ளேயே உதிரி பாகம் செய்யும் திட்டம் இல்லாமல் வெறும் பெட்டிகளைக் கொண்டுவந்து கோக்கும் கம்பெனிகள் கடையைக் கட்ட வேண்டும் என்று அரசு 1953-ல் முடிவெடுத்தது. 1928 முதல் பம்பாயில் கோத்துக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும், 1926-ல் தொடங்கி சென்னையிலும் கூடம் வைத்திருந்த ஃபோர்டும் அதையொட்டி வெளியேறின. அதற்குப் பிறகு டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ பெயர்களில் பம்பாய் பிரீமியரும், பெட்ஃபோர்டு பெயரில் இந்துஸ்தான் மோட்டார்ஸும் லாரி தந்தன. ஆகவே இங்கே பதிவான சிவில் ஃபோர்டு, செவர்லே லாரி என்றால் அனேகமாக 1954-க்கு முந்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கேயே விடப்பட்டு ஏலத்தில் போன இராணுவ ஃபோர்டு, செவர்லேக்கள் தனி இனம். அவற்றின் வருஷமும் பதிவு வருஷமும் ஒன்றாக இருக்கவே இருக்காது.

வருஷம் போலத் தோன்றும் எண்கள்

பெயரில் உள்ள எண்ணை வருஷத்தோடு குழப்பிக்கொள்வது இன்னொரு பொதுவான தவறு. சுருக்கமாக:

1. லேலண்ட் இன்ஜின்களின் 350, 370, 400, 680 போன்ற எண்கள் கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு. 350 என்றால் ஏறக்குறைய 5.7 லிட்டர், 400 என்றால் 6.5 லிட்டர், 680 என்றால் 11 லிட்டர்.

2. டாடா 1210-ல் முதல் இரண்டு இலக்கம் வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை, 12 டன். அடுத்த இரண்டு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. அதாவது சுமார் 100. 1612-ம் இதே கணக்குதான்.

3. பெர்கின்ஸ் 6.354 என்றால் 6 சிலிண்டர், 354 கன அங்குலம்.

இந்த எண்கள் வருஷத்தை நேரே சொல்லாவிட்டாலும் எல்லை போட உதவும். 6.354 இன்ஜின் 1960-ல்தான் வந்தது. 1950 ஃபார்கோவில் அது இருந்தால் இன்ஜின் பிறகு மாற்றப்பட்டிருக்கிறது. இப்படி மாற்றுவது அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் மிகச் சாதாரணம். செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜின் செய்யத் தொடங்கிய பிறகு, பெட்ரோல் குடித்துக்கொண்டிருந்த பழைய அமெரிக்க லாரிகளையும் பெட்ஃபோர்டுகளையும் டீசலுக்கு மாற்றுவது பெரிய தொழிலாகவே நடந்தது. செவர்லே சேஸில் செம்பியம் இன்ஜினைப் பார்த்ததும் "டூப்ளிகேட்" என்று ஒதுக்குவது அறியாமை. அது அந்த வண்டி உண்மையில் வாழ்ந்த வாழ்க்கை.

சேஸ் நம்பர்: முதல் சாட்சி

போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடிய எதுவும் பலவீனமான சாட்சி. மாற்ற முடியாத ஒன்று சேஸின் நீளக் கட்டை. அதில் குத்தப்பட்ட எண்தான் வண்டியின் அடையாளம். பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு அருகே, நீளக் கட்டையின் வெளிப்பக்கத்தில் அது இருக்கும்.

வடசென்னையில் அந்த எண்ணைப் படிப்பதே ஒரு வேலை. காசிமேட்டில் மீன் ஏற்றிய வண்டியில் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் வருஷக்கணக்கில் சேஸின் மேல் வடிந்திருக்கும். எண்ணூர் கடற்கரையோரம் நின்ற வண்டி உப்புக்காற்றிலேயே ஊறியிருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெயில் அடித்தாலும் இரும்பின் மேல் ஒரு மெல்லிய ஈரப்படலம் நிற்கும். துருவுக்கு இரும்பை விடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் அது பொருக்குப் பொருக்காக மேலெழும்பும். எண் குத்திய மேல்பரப்பு அந்தப் பொருக்கோடு சேர்ந்து உரிந்துவிட்டால் அதோடு போச்சு. கிரைண்டர் வைத்தால் ஐந்து நிமிடத்தில் இதே சேதம்.

சரியான முறை இது:

1. எண் இருக்கும் இடத்தில் மண்ணெண்ணெயோ துரு இளக்கும் எண்ணெயோ தடவி ஒரு நாள் ஊற விட வேண்டும்.

2. பித்தளைக் கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். எஃகு பிரஷ், கிரைண்டர், முரட்டு உப்புத்தாள் எதுவும் கூடாது.

3. காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கையாகத் தேய்த்தால் மேடு வெளுக்கும், பள்ளம் கருப்பாக நிற்கும்.

4. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். நேராக அடித்தால் நிழல் விழாது, எண் தெரியாது.

5. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுக்கும் அதே பென்சில் பிரிண்ட்தான். மூன்று நான்கு எடுத்து வைப்பது நல்லது.

எண்ணே கிடைக்கவில்லை என்றால் சேஸுக்கு வலுவுக்காக மேல்பட்டை வைத்துப் பற்ற வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதிகச் சுமை ஏற்றிய வண்டிகளில் அந்தப் பட்டை எண்ணை மூடியிருக்கும். சேஸை வெட்டி நீட்டிய வண்டி என்றால், எண் இருக்கும் முன்துண்டுதான் அடையாளத்துக்கு உரியது. பின்துண்டு வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம்.

இலக்கங்கள் ஒரே ஆழத்தில் இல்லாமல், ஒன்றிரண்டு கோணலாக, சுற்றிலும் தேய்த்த அடையாளத்தோடு இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். அது வருஷத்தைப் பற்றிய சந்தேகத்தைத் தாண்டிய விஷயம். எண்ணைத் திருத்திய வண்டியாக இருக்கலாம். பணம் கைமாறும் முன் பதிவு அலுவலகத்தில் சரிபார்க்காமல் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

எண்ணை எப்படிப் படிப்பது? இணையத்தில் எங்கு தேடினாலும் "பத்தாவது எழுத்துதான் ஆண்டு" என்ற குறிப்பு கிடைக்கும். அது 17 எழுத்து வண்டி அடையாள எண்ணுக்கு மட்டும் பொருந்தும். அமெரிக்கா அந்த முறையை 1981 மாடலிலிருந்து கட்டாயமாக்கியது. நம் நாட்டில் லாரிகளுக்கு அது பரவலானது அதற்கும் வெகுகாலம் கழித்து. ஐம்பது, அறுபதுகளின் லாரியில் இருப்பது அதைவிடக் குறுகிய எண். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனி ஒழுங்கு, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. பொதுவாக முன்பகுதி மாடல் வகையையும், பின்பகுதி வரிசை எண்ணையும் குறிக்கும். வரிசை எண்ணை ஆண்டாக மாற்ற அந்தந்தக் கம்பெனியின் பழைய உதிரி பாகப் புத்தகம்தான் சரியான துணை. "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை இந்த பாகம்" என்று அதில் பிரித்திருப்பார்கள். பழைய டீலர் குடும்பங்களிடமும் உதிரி பாகக் கடைகளின் பரணிலும் அவை இன்னும் கிடக்கின்றன.

வார்ப்புத் தேதியும் இரண்டு பக்க வேலியும்

சேஸ் நம்பர் பாதி தேய்ந்திருந்தாலும், புத்தகம் கிடைக்காவிட்டாலும், உடனிருந்த பாகங்களை விசாரிக்கலாம். இங்கே ஒரு எளிய தர்க்கம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

வண்டி தயாராகும் முன்பே அதன் பாகங்கள் தயாராகியிருக்க வேண்டும். ஆகவே பிறந்தபோதே கூட இருந்த பாகங்களில் மிகக் கடைசியாகச் செய்யப்பட்டது எதுவோ, அந்தத் தேதிக்குப் பிறகுதான் வண்டி வந்திருக்க முடியும். இது கீழ் எல்லை. வண்டி தயாரான பிறகுதான் பதிவு செய்ய முடியும். ஆகவே முதல் பதிவு தேதி மேல் எல்லை. உண்மையான தேதி இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. புதுப்பிப்பவரின் வேலை இந்த இடைவெளியை முடிந்தவரை சுருக்குவது.

இன்ஜின் பிளாக், கியர் பாக்ஸ் கூடு, பின் ஆக்சில் ஹவுசிங் ஆகியவை வார்ப்பிரும்பு. உருக்கி ஊற்றும்போதே அச்சில் இருந்த எழுத்துகள் மேடாக நிற்கும். அதில் நீளமாக இருப்பது பெரும்பாலும் பாக எண். அது வருஷக்கணக்கில் மாறாது. பக்கத்திலேயே சின்னதாக இருக்கும் குறியீடுதான் தேதி. செவர்லேயில் ஓர் எழுத்து மாதத்தையும், அடுத்த எண் நாளையும், கடைசி ஒற்றை இலக்கம் ஆண்டையும் சொல்லும். ஆங்கில எழுத்து வரிசையில் மூன்றாவதான 'சி', பிறகு 15, பிறகு 1 என்றிருந்தால் மார்ச் 15, ஆண்டு 1-ல் முடிவது. 1941-ஆ 1951-ஆ என்பதை இன்ஜின் வகையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பத்தாண்டுக் குழப்பம் இப்படித்தான் நுழைகிறது.

பெட்டியில் வந்து கோத்த வண்டிகளில் இடைவெளி இன்னும் அகலம். வார்த்து, இயந்திரத்தில் செதுக்கி, பெட்டியில் அடைத்து, கப்பலில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்கி, கூடத்தில் கோத்து, விற்று, பாடி கட்டி, பிறகுதான் பதிவு. பிளாக்கில் 1951, பதிவில் 1952 என்றால் அது முரண்பாடே இல்லை.

மின்சாதனங்கள் இன்னும் எளிதாகப் பேசும். இங்கிலாந்து லூகாஸ் டைனமோ, ஸ்டார்ட்டர், விளக்குகளில் மாதமும் ஆண்டும் குத்தியிருப்பார்கள். 3, பக்கத்தில் 59 என்றால் 1959 மார்ச். அதே பொருளில் "லூகாஸ்-டிவிஎஸ்" என்று இருந்தால் அது 1961-க்கு முன் இருக்க முடியாது. சென்னையின் பாடி என்ற ஊரில் அந்தக் கம்பெனி உருவானதே அந்த ஆண்டுதான். அதே ஊரில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962-ல் தொடங்கியவை. இப்படிச் சென்னையைச் சுற்றி எழுந்த உதிரி பாகத் தொழிற்சாலைகளின் வயதே ஒரு அளவுகோல். வண்டி முழுக்க ஆங்கில முத்திரை இருந்தால் ஐம்பதுகள், உள்ளூர்ப் பெயர்கள் நிறைய இருந்தால் அறுபதுகள் என்று ஒரு முதல் மதிப்பீடு போடலாம்.

ஆனால் எச்சரிக்கை. டைனமோ எரிந்தால் மாற்றுவார்கள். டயர், பேட்டரி, ரேடியேட்டர், கமான் பட்டை எல்லாம் தேய்ந்து மாறுபவை, அவற்றுக்கு இங்கே சாட்சிக் கூண்டில் இடம் இல்லை. ஒரே ஒரு பாகத்தை நம்பாமல், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு பாகங்கள் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆக்சிலும் கியர் பாக்ஸும் 1959 சொல்லி, இன்ஜின் மட்டும் 1968 சொன்னால், மாறியது இன்ஜின்.

பெயின்டுக்கு அடியில் இருக்கும் வரலாறு

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் சுரண்டி எறிகிறார்கள். கதவின் வெளிப்பக்கம், பின்பலகை, கேபினின் உள்கூரை ஆகிய இடங்களில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணய அளவு தேய்த்தால், மர வளையம் போலப் பெயின்ட் அடுக்குகள் தெரியும். எழுத்து தட்டுப்பட்டால் அந்த இடத்தில் மட்டும் பொறுமையாக விரிக்க வேண்டும்.

எடை எழுதிய இடம் முக்கியம். நாட்டில் மெட்ரிக் எடை 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அடியில் உள்ள மிகப் பழைய அடுக்கிலேயே கிலோகிராமில் எழுதியிருந்தால், அந்தப் பாடி அதற்கு முந்தியது அல்ல. பவுண்டில் இருந்தால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய வழக்கம் சில காலம் தொடர்ந்திருக்கும் என்பதால் அதை ஆணித்தரமாகச் சொல்ல முடியாது.

பாடி கட்டியவரின் தகட்டில் முகவரியைப் பார்க்க வேண்டும். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. தகட்டில் "600 021" என்று இருந்தால் அந்தக் கேபின் 1972-க்குப் பிந்தியது, சந்தேகமே இல்லை. "மதராஸ்-21" என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தியது என்று முடிவு கட்டிவிட முடியாது. பழைய முகவரியை விடாமல் எழுதியவர்கள் ஏராளம், பழைய தகடுகளைத் தீரும் வரை அடித்த பட்டறைகளும் இருந்திருக்கும். சில தடயங்கள் ஒரு திசையில் மட்டும்தான் பேசும். இருந்தால் ஒன்றை நிரூபிக்கும், இல்லாவிட்டால் எதையும் நிரூபிக்காது.

டிஸ்போசல் வண்டிகளில், அதாவது இராணுவம் கழித்து ஏலம் விட்ட சக்திமான் போன்றவற்றில், பச்சைப் பெயின்டுக்கு மேல் எழுதிய பழைய எண் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்திய இராணுவ எண்ணில் மேல்நோக்கிய அம்புக்குறியை அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வண்டி சேவைக்கு வந்த ஆண்டு. ஜபல்பூரில் சக்திமான் செய்யத் தொடங்கியதே 1959-ல். அதைத் தாண்டி முன்னே போகும் எந்தக் கதையையும் நம்ப வேண்டாம்.

காகிதங்கள்

காகிதம் கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டால், பிறகு இரும்பில் இருப்பதையெல்லாம் அதற்கு ஏற்றபடி படிக்கத் தோன்றும்.

ஆர்.சி.யில் தயாரிப்பு ஆண்டு, முதல் பதிவு, சேஸ் எண், இன்ஜின் எண் ஆகிய நான்கையும் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். பழைய கையெழுத்துப் புத்தகத்திலிருந்து புதிய புத்தகத்துக்கும், அங்கிருந்து கணினிக்கும் நகல் எடுத்தபோது 1 என்பது 7 ஆகியிருக்கலாம், தயாரிப்பு ஆண்டுக் கட்டத்தில் பதிவு ஆண்டே ஏறியிருக்கலாம். டூப்ளிகேட் ஆர்.சி. என்றால் இந்த வாய்ப்பு இரட்டிப்பு.

பதிவு எண்ணே ஒரு காலக்கணக்கு. எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் மூன்றெழுத்து எண்கள் மதராஸ் காலத்து மரபு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தபின் டி.என். எழுத்தும் அலுவலக எண்ணும் சேர்ந்த முறை வந்தது. பழைய வண்டிகள் பழைய எண்ணிலேயே ஓடின. ஆகவே அறுபதுகளின் லாரியில் டி.என். 04 போன்ற எண் இருந்தால், அது வேறு மாநிலத்திலிருந்தோ இராணுவ ஏலத்திலிருந்தோ 1989-க்குப் பின் இங்கே வந்து பதிவானது என்று ஊகிக்கலாம். முந்தைய பதிவைத் தேடிப் போக வேண்டும்.

வண்டியோடு வரும் பழைய ரசீதுகளை எறிய வேண்டாம். வரி ரசீது அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் புதிய காசு வரும் முன்போ, வந்த கொஞ்ச காலத்திலோ எழுதியது. அனுமதிப் பத்திரத்தில் "மதராஸ் மாநிலம்" என்று இருந்தால் 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்ற பெயர் வருவதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு காமெட்டை எடுத்துக்கொள்வோம். எர்ணாவூர்ப் பக்கம் கிடக்கிறது, விற்பவர் "1955 மாடல்" என்கிறார்.

1. தகட்டில் அசோக் லேலண்ட். எனவே 1955-க்கு முன் இல்லை. விற்பவர் சொல்வது இதுவரை சாத்தியம்.

2. டைனமோவில் ஆங்கில லூகாஸ் முத்திரை, 3, 59. ஸ்டார்ட்டரில் 2, 59. இரண்டு தனித்தனிப் பாகங்கள் ஒரு மாத வித்தியாசத்தில் இருப்பதால் இரண்டும் பிற்காலத்தில் மாற்றியவை என்பதற்கு வாய்ப்புக் குறைவு. கீழ் எல்லை 1959 மார்ச்.

3. ஆர்.சி.யில் முதல் பதிவு 1960 ஜனவரி. இது மேல் எல்லை. இடைவெளி பத்து மாதத்துக்குச் சுருங்கிவிட்டது.

4. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணும் பிளாக்கில் உள்ள எண்ணும் வேறு. இன்ஜின் மாறியிருக்கிறது. அதை வருஷக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். பதிவில் அந்த மாற்றம் ஏறியிருக்கிறதா என்று தனியே விசாரிக்க வேண்டும்.

5. கேபின் தகட்டில் 600 021. கேபின் 1972-க்குப் பிந்தியது.

முடிவு: 1959-ல் தயாரான சேஸ், 1960-ல் பதிவு, பிற்காலத்து இன்ஜின், எழுபதுகளிலோ அதற்கும் பிறகோ கட்டிய கேபின். விற்பவரின் 1955 தவறு. ஆர்.சி.யின் 1960 பதிவைப் பொறுத்தவரை சரி, தயாரிப்பைப் பொறுத்தவரை தவறு. ஒரு அரை நாள் வேலையில் இவ்வளவு தெரிந்துவிடும்.

வருஷம் தெரிந்தால் என்ன மாறும்

முதலில் உதிரி பாகம். ஒரே பெயரில் வந்த வண்டியிலும் நடுநடுவே மரையளவு, பேரிங், கிளட்ச் எல்லாம் மாறியிருக்கும். அங்குல மரை உள்ள பிளாக்கில் மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றினால் இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் வார்ப்பு வெடிக்கும். மாற்று பிளாக் எளிதில் கிடைக்காத வண்டியில் இது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

அடுத்தது சட்டம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வாகனத்துக்கென்று தனிப் பதிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, லாரிக்கும் 50 வயதானால் விண்டேஜ் எண் கிடைத்துவிடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விதியில் சொல்லப்பட்டவை எல்1, எல்2 என்ற இரு சக்கர வகைகளும் எம்1 என்ற பயணிகள் கார் வகையும்தான். சரக்கு லாரி 'என்' (N) என்ற வேறு வகையைச் சேர்ந்தது. எனவே லாரியைச் சாலையில் ஓட்ட வேண்டுமென்றால் மற்ற லாரிகளைப் போலவே எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, காட்ட வேண்டும். 8 வயது தாண்டிய வண்டிக்கு அது ஆண்டுதோறும். இன்ஜினையோ பாடியையோ ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக மாற்றினால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும், இது சட்டத்தின் 52-வது பிரிவு. இதையெல்லாம் வாங்கும் முன் கணக்கில் எடுக்காவிட்டால், லட்சங்கள் செலவழித்துப் பளபளப்பாக்கிய வண்டி கொட்டகையை விட்டு வெளியே வர முடியாமல் நிற்கும்.

மூன்றாவது, எந்த வருஷத்துக்குத் திருப்புவது என்ற கேள்வி. மேலே சொன்ன காமெட்டை 1959-க்குத் திருப்புவதா, அல்லது எழுபதுகளின் கேபினோடு காப்பாற்றுவதா? 1959-ல் அதன்மேல் இருந்த கேபினின் படமோ அளவோ கிடைக்காவிட்டால், புதிதாகக் கட்டுவது கற்பனைக் கேபின்தான். அந்த நிலையில் வண்ணாரப்பேட்டைத் தச்சரும் டிங்கரும் கட்டிய, பெயின்டரின் கையெழுத்து இன்னும் அடியில் இருக்கும் கேபினை வைத்துக்கொள்வதே நேர்மை என்பது என் முடிவு. சேஸ் 1959, கேபின் எழுபதுகள் என்று பலகையில் அப்படியே எழுதி வைக்கலாம். ஆதாரம் முழுமையாக இருந்தால் 1959-க்குப் போகலாம். எதுவானாலும் வருஷத்தைக் கண்டுபிடித்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது. ஆசைப்பட்ட வருஷத்தை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற தகடுகளைத் தேடி வாங்கி ஒட்டுவது வண்டியின் வரலாற்றை அழிக்கும் வேலை.

இவ்வளவும் முடிந்து வண்டி மணல் பீய்ச்சப் போகும் நாளில், சேஸ் எண் உள்ள இடத்தில் கெட்டியாகக் கிரீஸ் அப்பி, அதன்மேல் ரப்பர் துண்டு வைத்து, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். பட்டறையில் வேலை செய்பவரிடம் அந்த இடத்தை நேரில் தொட்டுக் காட்டிவிட்டு வருவது இன்னும் நல்லது. கழற்றிய ஒவ்வொரு தகட்டையும் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி, பென்சில் பிரிண்ட்டுகளோடு ஒரே உறையில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளலாம், பட்டறையில் வேண்டாம்.